பிரேக்கும் மொபைல் கிராஃபும் ஒரே சிப்பில் ஓடலாமா?

பணகுடி, ராதாபுரம், வள்ளியூர் பக்கம் இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நட்ட காற்றாலைகள் இன்னும் நிறைய சுற்றிக்கொண்டிருக்கின்றன. 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். இறக்கையும் கியர் பாக்ஸும் எப்படியோ தாக்குப்பிடித்துவிடும். முதலில் மண்டையைப் போடுவது கீழே இருக்கும் கன்ட்ரோல் பேனல்தான். உள்ளே இருக்கும் கார்டுக்கு உதிரி கிடைக்காது, சில சமயம் செய்த கம்பெனியே இருக்காது. அப்போது புதிதாக ஒரு கன்ட்ரோலர் செய்து மாட்டும் வேலை உள்ளூர் ஆட்களிடம் வரும். அப்படி ஒரு பெட்டியை வடிவமைக்க உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரிசி ஆலை பாய்லருக்கோ லிஃப்டுக்கோ போர்டு செய்கிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

காற்றாலைச் சொந்தக்காரர் கேட்பது எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தம்பி, பழைய பெட்டி செஞ்ச வேலை எல்லாம் இதும் செய்யணும். அதோட எவ்வளவு யூனிட் ஓடிருக்குன்னு செல்லுல பாக்கணும். காத்தாடி நின்னா மெசேஜ் வரணும். எல்லாத்தையும் ஒண்ணுலயே அடக்கிருங்க, ரெண்டுன்னா ரெண்டு செலவுல்லா?"

"பெட்டி ஒண்ணுதான் அண்ணாச்சி. அதுக்குள்ள எத்தனை சிப்புங்கிறதுதான் யோசிக்கணும்."

அந்த யோசனை ஏன் வேண்டும் என்றால், இரண்டு வேலைக்கும் இருக்கும் தூரம் அப்படி. இந்தப் பழைய இயந்திரங்களில் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் நேரடியாக ஈபி லைனோடு இணைந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் லைனில் 4 போல் ஜெனரேட்டர் 1500 ஆர்பிஎம்முக்குச் சற்று மேலே சுற்றும். அதை அந்த வேகத்தில் பிடித்து வைத்திருப்பது லைன்தான். ஆடிக் காற்றில் முழு லோடில் ஓடிக்கொண்டிருக்கும்போது லைன் டிரிப் ஆனால் பிடி விட்டுப்போகும், இறக்கை அந்தக் கணமே வேகமெடுக்கத் தொடங்கும். உடனே லைனோடு இணைக்கும் காண்டாக்டர் சுவிட்ச் விலக வேண்டும். கெபாசிட்டர் பேங்க் கழல வேண்டும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் தன்னைத்தானே தூண்டிக்கொண்டு வோல்டேஜைக் கன்னாபின்னாவென்று ஏற்றிவிடும். இறக்கை நுனியைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ராலிக் பிரஷர் இறங்கி, நுனி திரும்பிக் காற்றை மறிக்க வேண்டும். டிஸ்க் பிரேக் விழ வேண்டும். இதற்கெல்லாம் ஒன்றிரண்டு வினாடிதான் கையில் இருக்கிறது. யூனிட் கணக்கைச் செல்லில் காட்டும் கிராஃப் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இடைப்பட்ட வேலைகளும் உண்டு. காற்றின் திசைக்குத் தலையைத் திருப்புவது, கேபிள் முறுக்கிக்கொண்டால் திருப்பி அவிழ்ப்பது, ஜெனரேட்டர் சூட்டைப் பார்ப்பது. இவை பிசகினால் ஆள் சாக மாட்டார், ஆனால் சீசனில் இயந்திரம் நின்று பணம் போகும். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே மாதங்களில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இங்கே வருமானத்தைக் கொண்டுவருகிறது. ஆகவே 'முக்கியமல்லாதது' என்று எதையும் அலட்சியமாக ஒதுக்க முடியாது.

நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. காற்றாலைக்கு 'நின்றுவிடு' என்பது எப்போதும் பாதுகாப்பான நிலை. விமானத்துக்கு அது கிடையாது. அதனால்தான் விமானக்காரர்களின் தீர்வை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐஈசி 61508 என்ற பொதுப் பாதுகாப்புத் தரம் ஒரு கறாரான விதி வைத்திருக்கிறது: ஒரே கணினியில் ஓடும் முக்கிய மென்பொருளும் மற்றதும் ஒன்றையொன்று பாதிக்காது என்று காட்ட முடியாவிட்டால், மொத்தத்தையும் உயர்ந்த மட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். கார்களுக்கான ஐஎஸ்ஓ 26262-ம் அதே வழியில்தான் போகிறது. அதாவது பிரிவினையை நிரூபிக்க முடியவில்லை என்றால், மெசேஜ் அனுப்பும் லைப்ரரியைக்கூட பிரேக் நிரலைச் சோதிக்கிற மாதிரியே வரிவரியாகச் சோதித்தாக வேண்டும். நம்மைப் போல் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து செய்யும் இடத்தில் அது நடக்கிற காரியமா?

ஒரே மைக்ரோகன்ட்ரோலர், உள்ளே ஆர்டிஓஎஸ்

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். ஒரு கார்ட்டெக்ஸ்-எம்4 சிப், அதில் ஃப்ரீஆர்டிஓஎஸ் (ஆர்டிஓஎஸ் என்பது வேலைகளை, அதாவது டாஸ்க்குகளை, முன்னுரிமைப்படி நேரத்துக்கு ஓட்டும் சின்ன இயங்குதளம்), பிரேக் டாஸ்க்குக்கு உயர்ந்த முன்னுரிமை, கிராஃபுக்குக் கடைசி. செலவு குறைவு, போர்டு சின்னது, தெரிந்த சாமான். நினைவகத்தைப் பிரிக்க எம்பியு இருக்கிறது, வழக்கமாக 8 பகுதிகள் வரை. காகிதத்தில் பார்த்தால் போதும் போலத்தான் தெரியும்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். செல்லில் பார்க்கிற வசதி என்றாலே நாளைக்கு அப்டேட் வரும், அதை எழுத நிரல் தங்கும் ஃபிளாஷ் நினைவகத்தை முதலில் அழிக்க வேண்டும். எஸ்டிஎம்32எஃப்4 வகைச் சிப்பில் 128 கேபி ஃபிளாஷ் செக்டர் ஒன்றை அழிக்க வழக்கமாக 1 வினாடி, சில நேரம் 2 வினாடி வரை ஆகும். ஃபிளாஷ் முழுக்க ஒரே தொகுதியாக (பேங்க்) உள்ள சிப்பில் அந்த நேரம் முழுக்க அதே ஃபிளாஷிலிருந்து நிரலைப் படிக்க முடியாது, சிபியு அப்படியே நிற்கும். முன்னுரிமை என்ன கொடுத்திருந்தாலும் பிரேக் டாஸ்க்கும் நிற்கும். நாம் மேலே பார்த்த அதே ஒன்றிரண்டு வினாடி! இதைவிட மோசம், அழிக்கும்போது வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) ரீசெட் செய்கிறது என்று அதன் நேரத்தை நாலு வினாடியாகக் கூட்டிவைப்பார்கள். கிராஃபுக்காக பிரேக்கின் காவலாளியைத் தூங்க வைத்த கதை.

வேறு ஓட்டைகளும் உண்டு. எம்பியு சிபியு செய்யும் அணுகலை மட்டும்தான் பார்க்கும், டிஎம்ஏ (சிபியு தலையிடாமல் டேட்டாவை நேரடியாக நினைவகத்தில் போடும் பகுதி) அதன் வழியாகப் போவதில்லை. மோடத்திலிருந்து வரும் டேட்டாவை எடுக்கும் டிஎம்ஏவுக்குத் தவறான முகவரி கொடுத்துவிட்டால் அது பிரேக்கின் மாறிகள் மேலேயே எழுதிவிட்டுப் போகும். எஸ்டி கார்டு ஒரு எழுத்துக்கு 250 மில்லிவினாடி வரை எடுத்துக்கொள்ளத் தரமே அனுமதிக்கிறது. அந்த டிரைவர் இன்டரப்டை மூடிவைத்துக் காத்திருக்கும் வகை என்றால் போச்சு. 2ஜி மோடம் சிக்னல் அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை குபீரென்று இழுக்கும். பவர் சப்ளை தாளாவிட்டால் சிப்பே ரீசெட் ஆகும். நினைவகத்தை எவ்வளவு பிரித்தும், மின்சாரம் ஒன்றுதானே?

இதெல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. நிரலை ரேமில் வைக்கலாம், இரண்டு பேங்க் சிப் வாங்கலாம், டிஎம்ஏவைத் தவிர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு மருந்தும் கிராஃப் எழுதுகிறவருக்கு ஒரு கட்டுப்பாடு. ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து புது மோடத்துக்கு டிரைவர் சேர்க்கும்போது இந்தக் கட்டுப்பாடுகள் அவருக்குத் தெரியுமா? இந்த வழியை நான் ஒதுக்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கோட்பாட்டுப் பக்கம் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு சின்ன விலகல். ஸ்டீவ் வெஸ்டல் 2007-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி. ஒரே டாஸ்க்குக்கு இரண்டு விதமான அதிகபட்ச ஓட்ட நேரம் வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர்: சாதாரணமாக அளந்தது ஒன்று, மிகுந்த எச்சரிக்கையோடு கணித்தது ஒன்று. பின்னால் வந்தவர்கள் அதை வளர்த்து, முக்கிய டாஸ்க் முதல் எல்லையைத் தாண்டினால் மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு அதற்கு முழு நேரத்தையும் கொடு என்றார்கள். அழகான யோசனை. ஆனால் நிறுத்தப்படும் 'மற்றதில்' நம் கேபிள் அவிழ்க்கும் வேலையும் இருந்தால் சொந்தக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

பெரிய சிப், ஹைப்பர்வைசர்

பெரிய உலகம் போகும் பாதை இது. ஹைப்பர்வைசர் என்றால் ஒரே சிப்பைப் பல தனிக் கணினிகள் போலப் பிரித்துத் தரும் அடிப்படை மென்பொருள். 1995-ல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 777-லேயே தனித்தனிப் பெட்டிகளை ஒன்றாக்கி, ஒரே கணினியில் பல வேலைகளைப் பகிர்ந்து ஓட்டினார்கள். விமான மென்பொருளுக்கான ஏரிங்க் 653 தரம் ஒவ்வொரு வேலைக்கும் தனி நினைவகம், அட்டவணைப்படி தனி நேர ஜன்னல் என்று ஒதுக்கித் தருகிறது. இன்றைய காரில் ஸ்பீடோமீட்டரும் பாட்டு கேட்கும் திரையும் ஒரே சிப்பில் ஹைப்பர்வைசருக்கு மேலே ஓடுவதைப் பார்க்கலாம். திறந்த மூலத்தில் ஜென், ஜெயில்ஹவுஸ் இருக்கின்றன. கணித முறையில் சரிபார்க்கப்பட்ட செல்4 (seL4) என்ற மைக்ரோகெர்னலும், அதாவது மிகச் சிறிய இயங்குதளக் கருவும், 2014 முதல் திறந்த மூலம்தான்.

இதில் சிக்கல் நினைவகப் பிரிவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. நெல்லை டவுனில் பழைய வளவு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆளுக்கு ஒரு கதவு, ஆளுக்கு ஒரு பூட்டு, ஆனால் தண்ணீர் இறைக்க எல்லோருக்கும் ஒரே கிணறு. பல கோர் சிப்பும் அப்படித்தான். கோர் தனி, நினைவகப் பக்கங்கள் தனி. ஆனால் எல்2 கேஷ் என்ற இடைநிலை வேக நினைவகமும், முதன்மை நினைவகமான டிராமுக்குப் போகும் பாதையும் பொது. லினக்ஸ் பக்கம் யாராவது வீடியோவை டிகோட் செய்தால், அடுத்த கோரில் இருக்கும் பிரேக் நிரல் நினைவகத்துக்காகக் காத்து நிற்கும். எவ்வளவு நேரம் என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். விமானச் சான்றிதழ் அமைப்புகள் பல கோர் சிப்புகளுக்கென்றே தனி வழிகாட்டு ஆவணம் போட வேண்டிவந்ததே இதனால்தான்.

சரி, நமக்கு இது எதற்கு? விமானத்தில் ஒரு பெட்டி குறைந்தால் எடை குறையும், வயர் குறையும், எரிபொருள் மிச்சம். காரில் லட்சக்கணக்கில் செய்யும்போது ஒரு சிப் குறைந்தாலும் பெரிய காசு. டவருக்குக் கீழே கான்கிரீட் தளத்தில் நிற்கும் பேனலில் எடை ஒரு பொருட்டே இல்லை, நாம் செய்யப்போவதும் சில டஜன். கிடைக்காத லாபத்துக்காக அந்தச் சிக்கலை விலைக்கு வாங்க வேண்டாம்.

"லினக்ஸே இப்போ ரியல்டைம் ஆயிட்டே" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், லினக்ஸை நேரத்துக்குப் பதில் தரவைக்கும் பிரீஎம்ப்ட்-ஆர்டி 2024-ல் 6.12 கெர்னலில் மூல லினக்ஸோடு சேர்ந்துவிட்டது. தாமதம் நன்றாகவே குறையும். ஆனால் குறைவாக இருக்கிறது என்பது வேறு, ஒருபோதும் மீறாது என்று காட்டுவது வேறு.

ஒரே சிப்பில் பெரிய கோரும் சின்ன கோரும்

எஸ்டிஎம்32எம்பி1, ஐ.எம்எக்ஸ்8எம் போன்றவை. லினக்ஸுக்கு கார்ட்டெக்ஸ்-ஏ கோர், கட்டுப்பாட்டுக்கு கார்ட்டெக்ஸ்-எம் கோர், இரண்டும் ஒரே கூட்டுக்குள். ஆர்டிஓஎஸ் வழியைவிட இது எவ்வளவோ மேல். சின்ன கோருக்குத் தனி ரேம் ஒதுக்கலாம், கிராஃப் எழுதுகிறவர் அவர் பாட்டுக்கு லினக்ஸில் எழுதிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: யார் யாரை எழுப்புகிறார்கள்? எஸ்டிஎம்32எம்பி1-ல் எம்4 கோருக்கென்று உள்ளே ஃபிளாஷ் கிடையாது. ஏ7 முதலில் எழுந்து, எம்4-க்கான நிரலை ரேமில் ஏற்றி, பிறகுதான் அதை ஓடவிடும். இடி மின்னலில் கரண்ட் போய்ப் போய் வந்து லினக்ஸ் கோப்பு அமைப்பு கெட்டுவிட்டால், பிரேக் கோர் எழவே எழாது. வெளியே வரும் பின்கள் எல்லாம் தானாகவே பிரேக் பக்கம் சாயும்படி வயரிங் செய்திருந்தால் ஆபத்து இல்லை, ஆனால் ஆடி மாதத்தில் காத்தாடி நின்றுகிடக்கும், காரணம் ஒரு கிராஃப் ஃபைல். தவிர, கடிகாரம், ரீசெட், பவர் மேனேஜர் எல்லாம் இருவருக்கும் பொது.

இன்னொரு நடைமுறைச் சங்கடம். இந்தச் சிப்புகள் கால்கள் அடியில் மறைந்திருக்கும் பிஜிஏ கூட்டில் வருகின்றன, பக்கத்தில் டிடிஆர் ரேம், பல அடுக்கு போர்டு. கெட்டுப்போனால் பேட்டை சிட்கோவில் ஹாட் ஏர் கன் வைத்து மாற்றுகிற வேலை அல்ல. மாட்யூலாக வாங்கி மேலே செருகினால் அந்தத் தலைவலி கொஞ்சம் குறையும்.

இரண்டு தனிச் சிப், நடுவில் ஒருவழிப் பாதை

நான் கை காட்டுவது இதற்குத்தான். ஒரே பேனல், ஒரே போர்டாகக்கூட இருக்கலாம். ஆனால் பாதுகாப்புக்கு ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், அதற்குத் தனி பவர் சப்ளை, தனி கடிகாரம், தனி வாட்ச்டாக். மெயின் ஷாஃப்டிலும் ஜெனரேட்டர் ஷாஃப்டிலும் சுற்று வேகத்தை எடுக்க ஒவ்வொரு ப்ராக்சிமிட்டி சென்சார். இரண்டு வேகமும் கியர் விகிதப்படி பொருந்தாவிட்டால் நிறுத்து. கேபிள் அவிழ்ப்பதும் திசை திருப்புவதும் இந்தப் பக்கமே இருக்கட்டும், அவற்றுக்கு இணையம் தேவையில்லை. மற்றதுக்கு என்ன வேண்டுமானாலும் போடுங்கள்: ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை, நாளைக்கு வரும் வேறு எதுவும். யூனிட் கணக்கை அது நேரடியாக மீட்டரிலிருந்து ஆர்எஸ்485 கம்பி வழியாக எடுத்துக்கொள்ளட்டும்.

கூடுதல் செலவு ஒரு சிப், ஒரு சப்ளை, சில ஆப்டோகப்ளர்கள் (மின் இணைப்பு இல்லாமல் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் பாகங்கள்). டவர் ஏறி இறங்கும் ஒரு நாள் கூலிக்கு முன்னால் இது ஒரு செலவே இல்லை. அண்ணாச்சியிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் இரண்டு சிப் போட்டுவிட்டால் மட்டும் பிரிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. 2015-ல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் இருவரும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை இணையம் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த வண்டியில் பாட்டுப் பெட்டிக்கும் வண்டியின் பாகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் வயருக்கும் நடுவில் தனிச் சிப் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தச் சிப்பின் ஃபர்ம்வேரைப் பாட்டுப் பெட்டியிலிருந்தே மாற்றி எழுத முடிந்தது. சுவர் இருந்தது, சாவி அந்தப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

ஆகவே சிப் எண்ணிக்கையைவிட நடுவில் என்ன போகிறது என்பதில்தான் கண் வைக்க வேண்டும். பாதுகாப்புச் சிப்பிலிருந்து கிராஃப் சிப்புக்கு ஆப்டோகப்ளர் வழியாக அனுப்புவதற்கு மட்டுமான ஒரே ஒரு டிஎக்ஸ் கம்பி. 9600 பாட் போதும், அதிலேயே வினாடிக்கு 960 பைட் போகும், நமக்கு வேண்டியது அதில் சொற்பம். திரும்பி வர ஆர்எக்ஸ் என்ற பெறும் கம்பியே போர்டில் கிடையாது. நேரம் காட்ட வேண்டுமே என்றால், பாதுகாப்புச் சிப் தன் மில்லிவினாடி எண்ணை மட்டும் அனுப்பட்டும், மணி என்ன என்று கிராஃப் சிப் போட்டுக்கொள்ளட்டும். வேக எல்லை போன்ற அளவுகளை மாற்ற டவருக்குக் கீழேதான் வர வேண்டும், சாவி போட்டுத் திருப்பி, பாதுகாப்பு போர்டின் கீபேடில். செல்லிலிருந்து முடியாது.

"அப்போ வீட்டுல இருந்தே நிறுத்த முடியாதா தம்பி?" நியாயமான கேள்வி. நிறுத்துவதற்கு மட்டும் ஒரு ஆப்டோ கம்பி கொடுக்கலாம், அதுவும் 'நிதானமாக நிறுத்து' என்ற வேண்டுகோளாக. நேரடியாக அவசர பிரேக்கைப் போட விடக்கூடாது, முழு வேகத்தில் டிஸ்க் பிரேக் விழுவது கியர் பாக்ஸுக்கு அடி. யாராவது விஷமி மணிக்குப் பத்து முறை நிறுத்தச் சொன்னாலும் பாதுகாப்புச் சிப் முதல் வேண்டுகோளோடு நின்றுகொண்டு, நேரில் வந்து ரீசெட் செய்யும்வரை அசையக்கூடாது. மறுபடி ஓட்டுவது? தூரத்திலிருந்து கிடையவே கிடையாது. அண்ணாச்சி முகம் சுளிப்பார். மேலே ஒரு ஆள் நட் முடுக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து யாரோ பட்டனைத் தொட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள், ஒத்துக்கொள்வார்.

பிரிவினையின் பலனுக்கு நம் பக்கத்திலேயே ஒரு பொது உதாரணம் உண்டு. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலைய வலையமைப்பில் தீநிரல் புகுந்த செய்தி வந்தது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒரு கணினிதான் பாதிக்கப்பட்டது, முக்கிய உள்வலை அதிலிருந்து தனியாக இருக்கிறது என்று அணுமின் கழகம் அறிவித்தது. அலுவலக வலையில் என்றைக்காவது ஏதாவது புகத்தான் செய்யும். அது அங்கேயே நிற்குமா என்பதை வடிவமைப்பு முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

எதைத் தேர்ந்தாலும் வயர் சங்கிலி வேண்டும்

நான்கில் எதை எடுத்தாலும், நிரலே இல்லாத ஒரு அடுக்கு அடியில் இருக்க வேண்டும். அவசர ஸ்டாப் பட்டன், அதிர்வு சுவிட்ச், கேபிள் முறுக்கு சுவிட்ச், தனி ஓவர்ஸ்பீடு ரிலே எல்லாம் 24 வோல்ட்டில் ஒரே வரிசையாகப் போக வேண்டும். எந்த இடத்தில் அறுந்தாலும் ஹைட்ராலிக் வால்வுக்கு வரும் கரண்ட் நின்று, பிரஷர் இறங்கி, பிரேக் தானாக விழும். பழைய பேனலில் இது ஏற்கெனவே இருக்கும். 'புது கன்ட்ரோலர் எல்லாம் பார்த்துக்கொள்ளும்' என்று அதைக் கழற்றி எறியும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தில் 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள் நடந்தன, நோயாளிகள் உயிரிழந்தார்கள். அதன் முந்தைய மாடலான தெராக்-20-ன் மென்பொருளிலும் அதே வகைப் பிழை இருந்தது பின்னால் தெரியவந்தது. அதில் வன்பொருள் பூட்டுகள் இருந்ததால் ஃப்யூஸ் போனதோடு முடிந்தது. புது மாடலில் அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள்.

எப்போது என் தேர்வை மாற்றிக்கொள்வேன்? நூற்றுக்கணக்கில் ஆர்டர் வந்து, போர்டு இடமும் குறைவாக இருந்து, கூடவே லினக்ஸ் திரையும் கேட்டால், பெரிய கோர் சின்ன கோர் சிப்பை யோசிப்பேன், வயர் சங்கிலியை வைத்துக்கொண்டு. இறக்கைக் கோணத்தை நொடிக்கு நொடி மாற்றும் பெரிய மெகாவாட் இயந்திரம் என்றால் கணக்கே வேறு, அங்கே பாதுகாப்புப் பக்கத்துக்கும் நிறையக் கணிப்பு வேலை இருக்கும். ஒரே மைக்ரோகன்ட்ரோலர் வழியை, வெளியுலகத் தொடர்பே இல்லாத, அப்டேட்டே வராத பெட்டிக்கு மட்டும் ஒத்துக்கொள்வேன்.

மாட்டுவதற்கு முன் மேசையில் ஒரு சோதனை செய்யுங்கள். சிக்னல் ஜெனரேட்டரில் ஓவர்ஸ்பீடு பல்ஸ் கொடுத்து, ரிலே விழும் நேரத்தை ஆசிலோஸ்கோப்பில் அளங்கள். அப்புறம் கிராஃப் பக்கத்தைக் கொடுமைப்படுத்துங்கள்: எஸ்டி கார்டை நிரப்புங்கள், சிம்மைப் பாதியில் உருவுங்கள், அப்டேட் நடுவில் கரண்டைப் பிடுங்குங்கள், டிஎக்ஸ் கம்பியை கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ரிலே நேரம் முதலில் வந்த மாதிரியே வர வேண்டும். காற்று ஓய்ந்திருக்கும் தை, மாசியில் டவரிலும் இதையே செய்து பார்த்துவிட்டு, பாதுகாப்புச் சிப்பின் புரோகிராமிங் ஹெடரை மூடி சீல் வையுங்கள். சீசன் முடியும்வரை அதை யாரும் தொட வேண்டாம். கிராஃபில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று ஆடி நடுவில் அண்ணாச்சி போன் பண்ணினால், அன்றைக்கு ராத்திரியே மாற்றிக் கொடுங்கள்.